ஓசூர் பக்கம் கோதுமை போடலாமா? பயிர் மாடல் ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம் செம்மண் நிலம், ஒரு போர்வெல், வருடா வருடம் ராகி. வட இந்தியாவில் சூடு ஏறிக்கொண்டே போவதால் கோதுமை விவசாயத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று கம்ப்யூட்டரில் பயிர் மாடல் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று படித்திருக்கிறார். அதே மாதிரி ஓட்டினால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கோதுமை வருமா, எந்தத் தேதியில் விதைக்கலாம் என்று தெரிந்துவிடுமா என்று கேட்கிறார்.

தெரியும். ஓசூர் மேட்டுப் பகுதியில் கோதுமை வரும், ஆனால் ஒரு குறுகிய பட்டத்தில் மட்டும்தான். அந்தப் பட்டத்தில் உங்கள் நிலத்தில் ராகி கதிர் முற்றிக்கொண்டு நிற்கும். சிக்கல் அங்கேதான். என்னைக் கேட்டால் இதே வித்தையை ராகிக்குக் காட்டினால் உங்களுக்கு இன்னும் பிரயோஜனம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கோதுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் அதிகம் அடிபட்டுத் தேறிய பயிர் அதுதான்.

பயிர் மாடல் என்பதை ஜோசியம் சொல்லும் பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். விதைத்த நாள் முதல் அறுவடை வரை ஒரு பயிர் தினமும் என்ன செய்கிறது என்பதைக் கணக்காக எழுதி வைத்த நிரல், அவ்வளவுதான். அன்றைய உச்ச வெப்பம், குறைந்த வெப்பம், வெயிலின் அளவு, மழை ஆகிய நான்கும் ஒவ்வொரு நாளுக்கும் உள்ளே போக வேண்டும். மண் எத்தனை ஆழம், ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு ஈரம் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். எப்போது விதைத்தீர்கள், எத்தனை தண்ணீர் விட்டீர்கள், என்ன உரம் போட்டீர்கள் என்பதும் வேண்டும். அப்புறம் ரகம். செரஸ்-வீட் என்ற மாடலில் ஒரு கோதுமை ரகத்தின் குணத்தை ஏழே எண்களில் அடக்கிவிடுவார்கள். குளிர் எவ்வளவு தேவை, பகல் நீளத்துக்கு எவ்வளவு அசைந்து கொடுக்கும், மணி நிரம்ப எவ்வளவு வெப்பம் வேண்டும், ஒரு மணி எவ்வளவு எடை வரும் என்று அந்த எண்கள் போகும். இவ்வளவையும் கொடுத்தால் இலைப் பரப்பு, வேர் ஆழம், மண்ணில் மிச்சமுள்ள ஈரம் என்று நாள் நாளாக நகர்த்திக்கொண்டு போய் மகசூலில் கொண்டுவந்து நிறுத்தும்.

செரஸ்-வீட் இருப்பது டிஎஸ்எஸ்ஏடி என்ற தொகுப்பில். ஆஸ்திரேலியாக்காரர்கள் உருவாக்கியது ஆப்சிம். டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டு நிலைமைக்கென்று இன்ஃபோகிராப் செய்தது. டிஎஸ்எஸ்ஏடியை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வயலுக்குச் சரியான எண்களைக் கொடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். கோதுமைக்கு நாட்காட்டி தெரியாது, வெப்பம்தான் தெரியும். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் உண்டியலில் விழும் காசு மாதிரி சேர்ந்துகொண்டே வரும். குறிப்பிட்ட தொகை சேர்ந்ததும் பூக்கும், இன்னொரு தொகை சேர்ந்ததும் முற்றும். விதைப்பிலிருந்து முற்றுவது வரை ஒரு ரகத்துக்கு 2,000 டிகிரி-நாள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபில் லூதியானா பக்கம் டிசம்பர், ஜனவரியில் பகல் இரவு சராசரி 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். மொத்தப் பருவத்துக்கும் சராசரி 14 என்று வைத்தால் 2,000-ஐ 14-ஆல் வகுக்க 143 நாள் வருகிறது. ஓசூரில் அதே குளிர்காலச் சராசரி 21 டிகிரி அளவில் இருக்கும். 2,000-ஐ 21-ஆல் வகுத்தால் 95 நாள். பஞ்சாபில் ஐந்து மாதம் நிற்கும் பயிர் நம் பக்கம் மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்பட முடியாது. வெயிலை வாங்கி மாவாக்கும் நாட்கள் 48 குறைகின்றன. தூர் கட்டுவதும் குறையும், மணி நிரம்பும் நாட்களும் குறையும்.

இன்னும் இரண்டு டிகிரி கூடினால்? 2,000-ஐ 23-ஆல் வகுத்தால் 87 நாள். மேலும் எட்டு நாள் போச்சு. புவி வெப்பமடைதல் என்று பொதுவாகப் பேசுவதை ஒரு கோதுமைச் செடி இப்படித்தான் அனுபவிக்கிறது.

இது ஒரு பாதி. வெப்பம் பயிரை அவசரப்படுத்துவது மட்டுமில்லை, நேரடியாகவும் காயப்படுத்துகிறது. பூக்கும் சமயத்தில் 30 டிகிரிக்கு மேல் போனால் மணி பிடிப்பது குறையும். மணி நிரம்பும்போது 34-ஐத் தாண்டினால் இலை காலத்துக்கு முன்பே மஞ்சளாகிக் காய்ந்துவிடும். பழைய மாடல்கள் அவசரத்தை நன்றாகக் கணக்கிட்டன, காயத்தைக் குறைத்து மதிப்பிட்டன. 2012-ல் டேவிட் லோபெல் என்ற ஆராய்ச்சியாளரின் குழு வட இந்தியக் கோதுமை வயல்களின் ஒன்பது வருடச் செயற்கைக்கோள் படங்களை வைத்து இதைக் காட்டியது. 34 டிகிரிக்கு மேற்பட்ட நாட்களால் பயிர் எவ்வளவு வேகமாக மூப்படைகிறது என்று அளந்தார்கள். அந்த இழப்பை மாடல்கள் போதுமான அளவு காட்டவில்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்று யாராவது அடித்துப் பேசினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இது தெரியும். ஆகவே ஒரே மாடலை நம்பாமல் பலவற்றைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். சென்தோல்ட் அசெங் தலைமையிலான குழு 30 கோதுமை மாடல்களை வயல் சோதனைகளோடு ஒப்பிட்டு 2015-ல் முடிவு வெளியிட்டது. ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் உலகக் கோதுமை உற்பத்தி சுமார் 6 சதவீதம் குறையும் என்பது அதன் சாரம். எல்லா மாடல்களின் நடு மதிப்பு, தனித்தனி மாடல்களைவிட நிஜத்துக்கு நெருக்கமாக இருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. கரியமில வாயு கூடுவதால் கோதுமைக்குக் கொஞ்சம் லாபம் உண்டுதான், ஆனால் அந்த மணியில் புரதமும் துத்தநாகமும் குறைகின்றன.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு 2022 மார்ச் போதும். நாடு தழுவிய பதிவுகள் தொடங்கிய 1901-லிருந்து பார்த்தால் அதுதான் உச்ச வெப்பத்தில் முதலிடம் பிடித்த மார்ச். கோதுமை மணி நிரம்புகிற நேரத்தில் அந்தச் சூடு வந்தது. 11.13 கோடி டன் வரும் என்றிருந்த அரசு மதிப்பீடு 10.64 கோடி டன்னுக்கு இறங்கியது, மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பஞ்சாப், ஹரியானா கொள்முதல் நிலையங்களில் சுருங்கிய மணி 6 சதவீதம் வரைதான் ஏற்பார்கள், அந்த வருடம் அதை 18 சதவீதமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. மூட்டை மூட்டையாகச் சப்பை மணி வந்தால் வேறு என்ன செய்வது?

அதற்கு வடக்கே எடுத்திருக்கும் வழி விதைப்பை முன்னுக்குத் தள்ளுவது. நவம்பர் நடுவில் விதைத்ததை அக்டோபர் கடைசிக்குக் கொண்டுபோனால் மார்ச் சூடு வருவதற்குள் மணி நிரம்பிவிடும். ஆனால் அக்டோபர் வெப்பத்தில் முளைத்த செடி அவசரப்பட்டுச் சின்னதிலேயே பூத்துவிடக் கூடாது. கொஞ்சம் குளிர் பட்டால்தான் பூப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ரகம் வேண்டும். பூசா நிறுவனம் வெளியிட்ட எச்டி 3385 அந்த மாதிரி முன்விதைப்புக்கென்றே செய்தது. மாடலின் நிஜமான உபயோகம் இங்கேதான் வருகிறது. நான்கு விதைப்புத் தேதி, மூன்று ரகம், முப்பது வருட வானிலை என்று எடுத்தால் 360 பருவங்கள். வயலில் செய்து பார்க்க ஒரு ஆயுள் போதாது, கம்ப்யூட்டரில் ஒரு மத்தியானத்தில் முடியும். வந்த மகசூல் எண்களை அப்படியே நம்பக் கூடாது. எந்தத் தேதி எந்தத் தேதியைவிட மேல், ஐந்து வருடத்துக்கு ஒரு மோசமான வருடத்தில் எது தாங்குகிறது என்ற ஒப்பீட்டை நம்பலாம்.

ஆனால் மாடல் சொன்னதும் பஞ்சாப் விவசாயி அக்டோபரில் விதைத்துவிட முடிந்ததா? நிலத்தில் நெல் நிற்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் கொண்டுவந்த சட்டத்தால் அங்கே நெல் நடவு ஜூனில்தான் தொடங்கலாம், அதனால் அறுவடையும் தள்ளிப்போகிறது. நெல் தாளை எரிக்காமல், உழாமல், அதற்குள்ளேயே கோதுமையை விதைக்கும் கருவிகள் பரவியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். முன் பயிர் காலியாகாமல் பின் பயிருக்குப் பட்டம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம், வானிலை பெங்களூருக்கு அண்ணன் தம்பி. தருமபுரி நகரம் அதில் பாதி உயரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் குளிர்காலமே இரண்டு மூன்று டிகிரி சூடாக இருக்கும், மார்ச் வந்தால் 36 சாதாரணம். அங்கே கோதுமை வேண்டாம், விட்டுவிடலாம்.

மேட்டுநிலத்துக்கு மேலே போட்ட 95 நாள் கணக்கையே வையுங்கள். நவம்பர் முதல் தேதி விதைத்தால் பிப்ரவரி முதல் வாரத்தில் முற்றும். மணி நிரம்பும் மாதம் ஜனவரி, பகல் உச்சம் 27, 28. கோதுமைக்கு நம் பக்கம் இதைவிட நல்ல மாதம் கிடைக்காது. டிசம்பர் 20-ல் விதைத்தால் மார்ச் 25 வரை நிற்கும். மணி நிரம்புவது முழுக்க மார்ச் வெயிலில், 32, 33 டிகிரியில். அதனால் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரை மூன்று வாரம்தான் உங்கள் பட்டம். மேலே பார்த்த இரண்டு டிகிரி கூடினால் அந்த மூன்று வாரமும் சுருங்கும்.

சரி, ஆடியில் விதைத்த மானாவாரி ராகி எப்போது அறுப்பீர்கள்? நவம்பர் கடைசி, டிசம்பர். அதற்குப் பின் கோதுமை என்றால் டிசம்பர் 20 கதைதான். ராகியை விட்டுவிட்டு நவம்பரில் கோதுமை என்றால் டிசம்பருக்குப் பிறகு மழை கிடையாது, போர்த் தண்ணீர் நாலைந்து முறை பாய்ச்ச வேண்டும், விதைத்த மூன்று வாரத்துக்குள் வரும் தண்ணீர் தவறவே கூடாது. அவ்வளவு தண்ணீர் கையில் இருக்கிறவர் ஓசூர் பக்கம் தக்காளி, குடைமிளகாய், ரோஜா என்று போவாரே தவிர கோதுமைக்கு ஏன் வருவார்? விலையையும் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை கோதுமைக்குக் குவிண்டாலுக்கு 2,425 ரூபாய், ராகிக்கு 4,886 ரூபாய். ராகியை அரசே கொள்முதல் செய்கிறது. தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தருகிறார்கள். கோதுமையை எடைபோட்டு வாங்க இங்கே யார் இருக்கிறார்கள்?

மாடல் பார்க்காத விஷயங்களும் உண்டு. முதலில் துரு நோய், கோதுமையைத் தாக்கும் ஒரு பூஞ்சை. தண்டுத் துருவும் இலைத் துருவும் நீலகிரி, பழனி மலைகளில் வருடம் முழுக்க உயிரோடு இருந்து, அங்கிருந்து காற்றில் வடக்கே போகின்றன என்பதைக் கே.சி. மேத்தா என்ற தாவர நோய் விஞ்ஞானி ஆராய்ந்து சொன்னார். நீலகிரியில் உள்ள வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இயங்குவதில் இந்தத் துருவுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான பயிர் மாடல்களில் துரு என்ற வரியே இருக்காது, நோயில்லாப் பயிரைத்தான் அவை வளர்க்கும். அதனால் கடையில் வாங்கிய கோதுமையைக் கொண்டுபோய் விதைக்க வேண்டாம். வெலிங்டன் நிலையமும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழ்நாட்டுச் சமவெளிக்கென்று கொண்டுவந்த, துரு தாங்கும் ரகம் இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அடுத்தது யானை. நவம்பரிலிருந்து ஜவளகிரி, நொகனூர் காட்டோரம் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் இறங்கும், முற்றிய ராகி வயல்தான் முதல் குறி, பரண் மேல் படுத்துக் காக்க வேண்டும். ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்று மாடல் சொல்லும் எண் யானை வராத எண். பத்து நாள் முன்னால் முடியும் ரகம் ஒரு குவிண்டால் குறைவாகத் தந்தாலும் உங்கள் ஊரில் அது கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம். அந்த முடிவை மாடல் எடுக்காது.

இப்போது ராகிக்கு வருவோம். ராகிக்குச் சூடு அவ்வளவு பெரிய எதிரி இல்லை. வெப்பத்தில் திறமையாக வேலை செய்யும் சி4 வகைப் பயிர் அது. மானாவாரியில் அதன் எதிரி மழைக்கு நடுவே விழும் இடைவெளி. இதில் மாடலின் மண் கணக்கு ரொம்ப உபயோகம், கையாலேயே போட்டுப் பார்க்கலாம். நம் செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் தண்ணீரைச் செடிக்கென்று பிடித்து வைக்கும். உங்கள் நிலத்தில் 45 சென்டிமீட்டரில் சுக்கான் பாறை வந்துவிட்டால் கையிருப்பு 45 மில்லிமீட்டர்தான். கதிர் வரும் சமயத்தில் ராகி நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் குடிக்கும். பாதி தீர்ந்ததுமே செடி திணற ஆரம்பிக்கும், அதாவது நல்ல மழைக்குப் பின் ஐந்தாறு நாளில். பத்தாவது நாள் கையிருப்பு காலி. பக்கத்து வயலில் மண் 90 சென்டிமீட்டர் என்றால் அவருக்கு இருபது நாள். ஒரே மழை, ஒரே ரகம், வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு மகசூல். கடப்பாரையை எடுத்து நான்கு இடத்தில் குழி தோண்டி ஆழத்தை அளந்து வையுங்கள். எந்த மாடலுக்கும் உங்கள் நிலத்தைப் பற்றி முதலில் தெரிய வேண்டிய எண் அது. ஏரி வண்டல் கிடைத்தால் அடிப்பதற்கும் கணக்கு இதுவேதான்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி: ஜூன் கடைசி, ஜூலை நடு, ஆகஸ்ட் தொடக்கம் என்று மூன்று தேதியில் விதைத்தால், கதிர் வரும் வாரங்கள் செப்டம்பர், அக்டோபர் மழைக்குள் விழுவது எதில்? பத்து நாள் வறட்சியில் மாட்டுவது முப்பது வருடத்தில் எத்தனை முறை? இதற்கு டிஎஸ்எஸ்ஏடி அளவுக்குக்கூடப் போக வேண்டாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்வாகிராப் தண்ணீரை மையமாக வைத்தே செய்தது, எண்களும் குறைவாகவே கேட்கும். 1981-லிருந்தான தினசரி வானிலை நாசா பவர் தளத்தில் இலவசம், உங்கள் ஊரின் அட்சரேகை தீர்க்கரேகை போட்டால் போதும். ஆனால் அது பெரிய கட்டத்துக்கான சராசரி. அஞ்செட்டியில் கொட்டி தேன்கனிக்கோட்டையில் தூறாத மழையை அது பிரித்துச் சொல்லாது. ஒரு மழைமானி வாங்கி வைத்து நீங்களே எழுதுவது மேல். விதைத்த தேதி, பாதிச் செடிகள் கதிர் தள்ளிய தேதி, அறுத்த தேதி, தூற்றிய எடை, இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்கள். கோதுமைக்கு உலகம் பூராவும் பல்லாயிரம் சோதனை வயல்களிலிருந்து வந்த இந்தக் குறிப்புகள் ராகிக்குக் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன, அதனால் ராகி மாடல்கள் இன்னும் கோதுமை அளவுக்குத் தேறவில்லை. இரண்டு மூன்று பருவக் குறிப்போடு பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நடப்புப் பருவத்துக்கு மாடல் எதுவும் தேவையில்லை. வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வருகிறது, மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். அடுத்த ஐந்து நாளில் மழையா இல்லையா என்று பார்த்து விதைப்பை நான்கு நாள் முன் பின் நகர்த்துவதற்கு அது போதும்.

இவ்வளவுக்கும் பிறகு கோதுமை ஆசை போகவில்லை என்றால் தப்பில்லை. போர்த் தண்ணீர் எட்டும் இடத்தில், காய்கறி எடுத்துவிட்டுச் சும்மா கிடக்கும் ஐந்து சென்ட் போதும். மூன்று துண்டாகப் பிரித்து அக்டோபர் 25, நவம்பர் 10, நவம்பர் 25 என்று விதையுங்கள். பூத்த தேதியும் ஆயிரம் மணி எடையும் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசித் துண்டில் மணி சப்பையாக இருந்தால், மேலே போட்ட வகுத்தல் கணக்கு உங்கள் வயலுக்கும் பொருந்துகிறது. குருவி விழும், அதற்கு மட்டும் வலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.